கஃபேயில் ருசித்த குக்கியை வீட்டில் சுட்டு விற்பது எப்படி? சென்னையில் நான் பட்ட பாடும் படிகளும்

அண்ணா நகர் இரண்டாவது அவென்யூவில் ஒரு கஃபே. 190 ரூபாய்க்கு ஒரு குக்கி வாங்கினேன். உள்ளங்கை அகலம், இரண்டு விரல் தடிமன், உடைத்தால் நடுவில் சாக்லேட் நூலாக இழுத்துக்கொண்டு வந்தது. "இதில் என்ன இருக்கிறது, மைதாவும் வெண்ணெயும்தானே, நானே செய்வேன்" என்று அங்கேயே சொல்லிவிட்டேன். அந்த வாய்க்கொழுப்புக்கு எட்டு மாதம் வேலை வந்தது. ஒரு பிளக் பாயின்ட் உருகியது. நாற்பது குக்கி தோசையாகப் படர்ந்தது. உணவுப் பதிவு விண்ணப்பம் ஒருமுறை திரும்பி வந்தது. கூடவே, தேவையே இல்லாமல் 2,500 ரூபாயை யாருக்கோ கட்டினேன்.

இப்போது வாரம் அறுபது எழுபது குக்கி விற்கிறேன். பெரிய வியாபாரம் என்று சொல்லமாட்டேன். ஆனால் புதிதாக இறங்குபவர்கள் இதே குழிகளில் விழ வேண்டியதில்லை என்பதால், செய்ய வேண்டிய வரிசையில் எழுதியிருக்கிறேன். வீட்டாருக்கு மட்டும் சுடப் போகிறீர்கள் என்றால் ஐந்தாம் படியோடு நிறுத்திக்கொள்ளலாம்.

1. முதலில் ஊரைச் சுற்றிச் சாப்பிடுங்கள்

செலவு: 1,000 முதல் 1,500 ரூபாய். காலம்: இரண்டு வாரம்.

அடுப்பு வாங்கும் முன் இதைச் செய்யுங்கள். நான் தலைகீழாகச் செய்தேன். அடுப்பு வாங்கிய பிறகுதான் எனக்கு எந்த மாதிரிக் குக்கி பிடிக்கும் என்பதே தெரிந்தது. அண்ணா நகர், நுங்கம்பாக்கம் காதர் நவாஸ் கான் சாலை, பெசன்ட் நகர் என்று சுற்றினால் இரண்டு வகை கிடைக்கும். ஒன்று மெல்லிசாக, ஓரம் மொறுமொறு என்று. இன்னொன்று நியூயார்க் பாணி என்று சொல்லப்படும் தடித்த வகை. அங்கே லெவைன் பேக்கரி பிரபலமாக்கிய குக்கி ஒவ்வொன்றும் ஆறு அவுன்ஸ், அதாவது ஏறக்குறைய 170 கிராம். நம் ஊர்க் கடைகளில் நான் வாங்கியவை 80 முதல் 130 கிராம் வரை இருந்தன. எப்படித் தெரியும் என்றால், பையில் சின்ன டிஜிட்டல் தராசு வைத்திருந்தேன். கடைக்காரர் பார்வையைக் கண்டுகொள்ளாதீர்கள்.

வார நாளில் மாலை நாலு மணி வாக்கில் போங்கள். ஞாயிறு இரவு போனால் முந்தைய நாள் சுட்டதுதான் பெரும்பாலும் தட்டில் இருக்கும். பாதியை அங்கேயே சாப்பிடுங்கள், பாதியை வீட்டுக்குக் கொண்டுவந்து மறுநாள் காலை சாப்பிடுங்கள். உங்களிடம் வாங்குபவரும் மறுநாள்தான் சாப்பிடுவார் என்பதால் அந்த இரண்டாவது பாதிதான் முக்கியம். எடை, விலை, முட்டை உண்டா இல்லையா, அடிப்பக்கம் என்ன நிறம், மறுநாள் கல்லாகிவிட்டதா என்று குறித்துக்கொள்ளுங்கள்.

கஃபே மட்டும் பார்க்காதீர்கள். வேப்பேரி ஸ்மித் ஃபீல்டு மாதிரிப் பழைய பேக்கரிகளுக்கும், டீக்கடை பாட்டிலில் இருக்கும் பட்டர் பிஸ்கட்டுக்கும் போய்வாருங்கள். எனக்குப் பெரிய பாடம் குக்கிக் கடையில் கிடைக்கவில்லை, என்.எஸ்.சி. போஸ் சாலையில் சீனா பாய் டிபன் கடையில் கிடைத்தது. மாலையில் திறக்கிறார்கள், நெய் வழியும் பொடி இட்லியும் ஊத்தப்பமும்தான், கூட்டம் தெருவில் நிற்கிறது. திருவல்லிக்கேணி ரத்னா கஃபேக்குப் போகிறவர்களும் சாம்பாரில் மூழ்கிய இட்லிக்குத்தானே போகிறார்கள். அன்று இரவு என் நோட்டில் எழுதி வைத்திருந்த பதினோரு வகைக் குக்கிகளில் பத்தை அடித்துவிட்டேன். நீங்களும் ஒன்றோடு தொடங்குங்கள். பிஸ்தா, ரெட் வெல்வெட், நியூட்டெல்லா நிரப்பியது எல்லாம் ஆறு மாதம் கழித்து வரட்டும்.

2. சாமான்: எதற்குச் செலவழிக்க வேண்டும், எதற்கு வேண்டாம்

செலவு: 8,000 முதல் 11,000 ரூபாய்.

ஓ.டி.ஜி. எனப்படும், மேசைமேல் வைக்கும் மின்சார அடுப்பு 28 முதல் 35 லிட்டருக்குள் போதும். 6,000 ரூபாயிலிருந்து கிடைக்கிறது. அதைவிடச் சின்னது வாங்கினால் தடித்த குக்கி மேல்கம்பிக்கு மிக அருகே போய் மேலே கருகும், நடுவில் பச்சையாக இருக்கும். வீட்டில் கன்வெக்ஷன் மைக்ரோவேவ் இருந்தால் பழகுவதற்கு அதுவே போதும்.

வாங்கும் முன் சமையலறை பிளக்கைப் பாருங்கள். இந்த அடுப்புகள் 1,500 வாட் அல்லது அதற்கு மேல் இழுக்கும். மிக்சி மாட்டும் சின்ன 5 ஆம்பியர் பாயின்டில் மாற்றுப்பிளக் வைத்து மாட்டினேன். மூன்றாவது நாள் பிளாஸ்டிக் கருகிய வாடை வந்தது. எலக்ட்ரீஷியனை வரவழைத்துத் தனி வயர் இழுத்து 16 ஆம்பியர் பாயின்ட் போட 900 ரூபாய் ஆயிற்று. வாடகை வீடு என்றால் வீட்டுக்காரரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். அவருடைய கையெழுத்து ஏழாம் படியில் தேவைப்படும், இப்போதே பகைத்துக்கொள்ள வேண்டாம்.

அடுப்புக்குள் வைக்கும் வெப்பமானி 400 ரூபாய் சொச்சம். இதைக் கட்டாயம் வாங்குங்கள். என் அடுப்பின் குமிழை 180 என்று திருப்பினால் உள்ளே 155தான் இருந்தது. அது தெரியாமல் இரண்டு வாரம் செய்முறையைத் திட்டிக்கொண்டிருந்தேன்.

ஒரு கிராம் துல்லியமுள்ள தராசு, இரண்டு அலுமினியத் தட்டு, பட்டர் பேப்பர், மரக் கரண்டி. அவ்வளவுதான். ஸ்டாண்ட் மிக்சர் வேண்டாம். ஒரு கிலோ மாவு வரை கையாலேயே கிளறலாம்.

3. பொருள் வாங்கும்போது ஏமாறும் இடங்கள்

சாக்லேட்டில்தான் அதிகம் ஏமாறுவோம். கடையில் "குக்கிங் சாக்லேட்" என்று மலிவாகக் கொடுப்பது பெரும்பாலும் காம்பவுண்ட். உறையைத் திருப்பி மூலப்பொருள் பட்டியலைப் படியுங்கள். கோகோ பட்டர் என்றிருந்தால் சாக்லேட். ஹைட்ரஜனேற்றிய தாவரக் கொழுப்பு என்றிருந்தால் காம்பவுண்ட். காம்பவுண்ட் போட்ட குக்கி சூடாக இருக்கும்போது வித்தியாசம் தெரியாது. ஆறியபின் மேலண்ணத்தில் மெழுகு பூசியது போல் ஒட்டும். கோகோ வெண்ணெய் நம் உடம்புச் சூட்டுக்குச் சற்றுக் கீழேயே உருகிவிடுவதால்தான் நல்ல சாக்லேட் நாக்கில் கரைகிறது. சிப்ஸ் வாங்குவதைவிடக் கட்டியாக வாங்கிக் கத்தியால் நறுக்குங்கள். சிப்ஸ் வடிவம் கலையாமல் இருக்கவே செய்யப்படுவது, கட்டி உருகிக் குளமாக நிற்கும்.

சர்க்கரை: நம் ஊர்ச் சர்க்கரை பெரும்பருக்கை. அப்படியே போட்டால் கரையாமல் பல்லில் நறநறக்கும். மிக்சியில் இரண்டு சுற்று விட்டுக்கொள்ளுங்கள், மாவாக்க வேண்டாம். பிரவுன் சுகர் விலை அதிகம் என்று நாட்டுச் சர்க்கரைக்கு மாறலாமா என்று பலரும் கேட்கிறார்கள். மாறலாம், பாதிக்குப் பாதி. முழுக்க நாட்டுச் சர்க்கரை போட்டால் மாவு தண்ணீர் விடும், சாக்லேட்டை வெல்ல வாசனை அமுக்கிவிடும்.

வெண்ணெய்: உப்பில்லாதது நல்லது. கிடைக்காவிட்டால் சாதாரண அமுல் போதும், ஆனால் அதில் 100 கிராமுக்கு 2 கிராமுக்கு மேல் உப்பு உண்டு. தனியாக உப்பு போடாதீர்கள். மார்கரின் பக்கம் போகவே வேண்டாம். மலிவு, ஆனால் அந்த 190 ரூபாய்க் குக்கியின் வாசனை வராது.

மொத்தமாக வாங்கப் பாரிமுனை. முந்திரி, வால்நட்டுக்குக் கோவிந்தப்ப நாயக்கன் தெரு. கிலோவுக்கு 100 ரூபாய்க்குக் குறையாமல் மிச்சம் பிடித்திருக்கிறேன். சாக்லேட்டை மட்டும் வெயில் நேரத்தில் வாங்கிக்கொண்டு மின்சார ரயிலில் வராதீர்கள்.

4. மாவு: சென்னையில் 'அறை வெப்பம்' என்பது பொய்

எல்லாச் செய்முறையும் "அறை வெப்பத்தில் உள்ள வெண்ணெய்" என்று தொடங்கும். எழுதியவரின் அறை 20 டிகிரி. நம் சமையலறை மே மாதத்தில் 36. வெண்ணெயை ஒரு மணி நேரம் வெளியே வைத்து அடித்தால் அது எண்ணெய். அந்த மாவு அடுப்புக்குள் போனதும் ஓடிப் படர்ந்துவிடும். என் நாற்பது தோசைகளுக்கும் காரணம் இது ஒன்றுதான். மைதாவைக் கூட்டிப் பார்த்தேன், சோடாவைக் குறைத்துப் பார்த்தேன். யாராவது ஒருவர் "வெண்ணெயை ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்துப் பத்து நிமிஷத்தில் வேலையை முடி" என்று சொல்லியிருந்தால் முக்கால் கிலோ வெண்ணெய் மிஞ்சியிருக்கும்.

விரலால் அழுத்தினால் பள்ளம் விழ வேண்டும், ஆனால் விரல் பளபளக்கக் கூடாது. அதுதான் பதம். கோடையில் இதற்கு எட்டு முதல் பன்னிரண்டு நிமிடம், மார்கழியில் அரை மணி. ஏ.சி. அறை இருந்தால் அங்கே உட்கார்ந்து கலக்குங்கள். நான் படுக்கையறைத் தரையில் செய்தித்தாள் விரித்துத்தான் கலக்குகிறேன்.

ஆறு குக்கிக்கு (ஒவ்வொன்றும் ஏறக்குறைய 120 கிராம்) அளவு இது:

வெண்ணெய் 115 கிராம், பிரவுன் சுகர் 100, பொடித்த வெள்ளைச் சர்க்கரை 50, முட்டை ஒன்று, மைதா 200, சோளமாவு (கார்ன்ஃப்ளோர்) ஒரு மேசைக்கரண்டி, ஆப்ப சோடா அரைத் தேக்கரண்டி, உப்பில்லா வெண்ணெய் என்றால் உப்பு கால் தேக்கரண்டி, நறுக்கிய சாக்லேட் 150, உடைத்த முந்திரி அல்லது வால்நட் 75, வெனிலா அரைத் தேக்கரண்டி.

வெண்ணெயும் இரண்டு சர்க்கரையும் சேர்ந்து ஒரே கலவையாகும் வரை இரண்டு நிமிடம் கலக்குங்கள். கேக்குக்கு அடிப்பது போல வெளுக்க அடிக்காதீர்கள், காற்று அதிகம் ஏறினால் உப்பிப் பின் அமுங்கும். முட்டை, வெனிலா சேர்த்துக் கலந்து, சலித்த மைதா, சோளமாவு, சோடா, உப்பு போடுங்கள். வெள்ளை மாவு கண்ணுக்குத் தெரியாமல் போன அந்த நொடியில் நிறுத்திச் சாக்லேட்டையும் பருப்பையும் சேருங்கள். அதற்கு மேல் கிளறினால் மைதா இழுவை கொடுத்து பன் மாதிரி ஆகும். பச்சை மாவை வழித்து நக்க ஆசையாக இருக்கும். முட்டையும் வேகாத மைதாவும் இருப்பதால் வேண்டாம், குழந்தைகளுக்குக் கொடுக்கவே வேண்டாம்.

முட்டை இல்லாமல் கேட்பவர்கள் நிறைய. முட்டைக்குப் பதில் 40 மில்லி குளிர்ந்த பால் ஊற்றினாலே போதும். தயிர் ஊற்றிப் பார்த்தேன், குக்கி கேக்காகிவிட்டது.

இனிதான் பொறுமை. 120 கிராம் உருண்டைகளாக, கையால் அழுத்தி மழமழப்பாக்காமல், கரடுமுரடாகப் பிடித்து டப்பாவில் மூடி ஃப்ரிட்ஜில் 24 மணி நேரம் வையுங்கள். மாவு ஈரத்தை உறிஞ்சிக்கொள்ளும், வெண்ணெய் இறுகும், சுடும்போது நிறமும் வாசனையும் கூடும். அவசரம் என்றால் ஃப்ரீசரில் இரண்டு மணி நேரம். படராது, ஆனால் சுவை அந்த அளவு வராது. உருண்டைகள் ஃப்ரீசரில் இரண்டு மாதம் தாங்கும், ஆர்டருக்குச் சுட இதுதான் வசதி.

5. சுடுவது

வெப்பமானி 200 டிகிரி காட்டும் வரை காத்திருங்கள். என் அடுப்புக்கு இருபது நிமிடம் ஆகிறது, விளக்கு அணைந்துவிட்டது என்று நம்பாதீர்கள். ஒரு தட்டில் நாலு உருண்டைக்கு மேல் வேண்டாம். நடுத் தட்டில் 11 முதல் 13 நிமிடம். ஓரம் பொன்னிறமாகி, நடுவில் இன்னும் ஈரமாக இருக்கும்போதே வெளியே எடுத்துவிட வேண்டும். "வேகவில்லையே" என்று இன்னும் நாலு நிமிடம் விட்டுத்தான் முதல் மாதம் முழுவதும் நான் பிஸ்கட் தின்றேன். தட்டிலேயே இருபது நிமிடம் விடுங்கள், அந்தச் சூட்டில் நடுப்பகுதி தானாக நிலைக்கும். அதற்கு முன் தூக்கினால் உடையும்.

இரண்டாவது தட்டுக்குச் சூடான தட்டையே பயன்படுத்தாதீர்கள், உருண்டை உள்ளே போகும் முன்பே அடி உருகிவிடும். இரண்டு தட்டு வாங்கச் சொன்னது அதனால்தான்.

முழுதாக ஆறிய பின்பே டப்பா. மழைக்காலத்தில் ஒரு மணி நேரம் திறந்து கிடந்தாலே ஓரத்தின் மொறுமொறுப்பு போய்விடும்.

6. விலை போடும் கணக்கு

நான் வாங்கும் விலையில் மேலே சொன்ன ஆறு குக்கிக்குச் செலவு: வெண்ணெய் 70 ரூபாய், சாக்லேட் 150, முந்திரி 70, இரண்டு சர்க்கரையும் சேர்த்து 18, மைதா 10, முட்டை 7, மற்றவை 5. மொத்தம் 330. ஒன்றுக்கு 55 ரூபாய். இதோடு நின்றுவிடுகிறார்கள் பலரும், நானும் நின்றேன். 80 ரூபாய்க்கு விற்று, 25 ரூபாய் லாபம் என்று சந்தோஷப்பட்டேன்.

பெட்டி, பட்டர் பேப்பர், லேபிள் சேர்ந்து குக்கிக்கு 7 ரூபாய். மின்சாரம் ஒரு சுற்றுக்கு ஏறக்குறைய ஒரு யூனிட். உடைந்தது, கருகியது, "ருசிக்கு ஒன்று கொடுங்களேன்" என்று வாங்கிப்போவது எல்லாம் சேர்த்துப் பத்தில் ஒன்று போகும். ஆக 70 ரூபாய் அடக்கம். பன்னிரண்டு குக்கிக்குப் பாத்திரம் கழுவுவது உட்பட இரண்டரை மணி நேரம் ஆகிறது. உங்கள் நேரத்துக்கு மணிக்கு 150 ரூபாய் போட்டால்கூடக் குக்கிக்கு 31 ரூபாய். நூறைத் தாண்டிவிட்டோம், இன்னும் லாபமே வைக்கவில்லை. நான் 140க்கு விற்கிறேன். விலையைக் கேட்டு முகம் சுளிப்பவர்களுக்கு 60 கிராம் அளவில் 75 ரூபாய்க்கு ஒன்று உண்டு. சாக்லேட்டைக் காம்பவுண்டாக மாற்றி விலையைக் குறைக்கும் யோசனை வரும். வரட்டும், போகட்டும்.

உணவு விநியோகச் செயலிகளில் சேர்ந்தால் அவர்களுடைய பங்கு போக உங்கள் கைக்கு எவ்வளவு வரும் என்று கேட்டு, பிறகு கையெழுத்திடுங்கள். என் கணக்குக்குக் கட்டவில்லை, சேரவில்லை. அடுக்குமாடி வாட்ஸ்அப் குழுவும் இரண்டு பள்ளிக்கூட அம்மாக்கள் குழுவும் போதுமாக இருக்கிறது.

7. உணவுப் பதிவு: விற்கும் முன் கட்டாயம்

செலவு: 2023இல் ஆண்டுக்கு 100 ரூபாய். காலம்: எல்லாம் சரியாக இருந்தால் ஒரு வாரம். எனக்கு 23 நாள்.

வீட்டில் சுட்டு ஒரே ஒரு பெட்டி விற்றாலும் இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையமான எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ.யில் பதிவு வேண்டும். சிறு உற்பத்தியாளருக்கு உரிமம் தேவையில்லை, பதிவு போதும். 2023இல் நான் பதிந்தபோது, ஆண்டு விற்பனை 12 லட்சம் ரூபாய்க்குள், நாள் உற்பத்தி 100 கிலோவுக்குள் என்பது வரம்பு. இத்தகைய வரம்புகள் திருத்தப்படுவது உண்டு என்பதால் விண்ணப்பிக்கும் அன்று அரசுத் தளத்திலேயே பார்த்துக்கொள்ளுங்கள்.

தளத்தின் பெயர் ஃபாஸ்காஸ். முகவரி அரசு முகவரிக்குரிய 'கவ் டாட் இன்' என்று முடிகிறதா என்று பாருங்கள். இங்கேதான் நான் 2,500 ரூபாய் விட்டேன். தேடுபொறியில் முதலில் வந்த தளத்தில் தேசியக்கொடி நிறம், அசோகச் சக்கரம் போல ஏதோ ஒன்று, "உடனே விண்ணப்பிக்க" என்ற பொத்தான். விவரம் எல்லாம் கொடுத்துப் பணமும் கட்டிய பிறகு ஒருவர் போன் செய்து "ஆலோசனைக் கட்டணம்" என்றார். அது தனியார் தளம். பணம் திரும்பவில்லை. உங்களுக்கு இணையம் பழக்கமில்லை என்றால் பக்கத்திலுள்ள பொதுச் சேவை மையத்தில் விண்ணப்பிக்கலாம்.

தயாராக வைத்துக்கொள்ள வேண்டியவை: பாஸ்போர்ட் அளவு புகைப்படம், ஆதார் அல்லது வேறு அரசு அடையாள அட்டை, சமையலறை இருக்கும் முகவரிக்குச் சான்று. கடைசியில் உள்ளதுதான் என் விண்ணப்பத்தைத் திருப்பியது. என் ஆதாரில் திருநெல்வேலி முகவரி, குடியிருப்பது கொளத்தூர். அடையாள அட்டை முகவரியும் சமையலறை முகவரியும் ஒன்றாக இல்லாவிட்டால் வாடகை ஒப்பந்தம், மின்கட்டண ரசீது, வீட்டுக்காரரின் ஆட்சேபணையில்லாக் கடிதம் மூன்றையும் ஒரே கோப்பாக ஸ்கேன் செய்து ஏற்றிவிடுங்கள். ஒன்று மட்டும் கேட்டிருந்தாலும் மூன்றையும் ஏற்றுங்கள். எங்கள் வீட்டுக்காரர் "கம்பெனி நடத்துகிறீர்களா?" என்று பயந்துபோனார். ஒரு பெட்டி குக்கியுடன் போய், வீட்டின் உரிமைக்கும் இதற்கும் சம்பந்தமில்லை என்று விளக்கி, கடிதத்தை நானே எழுதி எடுத்துப்போய்க் கையெழுத்து வாங்கினேன். மின்கட்டண ரசீதில் அவருடைய காலஞ்சென்ற அப்பா பெயர் இருந்தது. கடிதத்தில் அந்த உறவையும் ஒரு வரி எழுதச் சொல்லுங்கள், கேள்வி வராது.

விண்ணப்பத்தில் தடுமாறும் இடங்கள் மூன்று. முதலாவது, தொழில் வகை. வீட்டில்தானே செய்கிறோம் என்று வீட்டு உணவகம், டப்பாவாலா என்ற வகையைத் தேர்ந்தெடுக்கத் தோன்றும். அது சாப்பாடு சமைத்துக் கொடுப்பவர்களுக்கு. பெட்டியில் அடைத்து விற்கும் குக்கிக்கு உற்பத்தி என்ற வகையில் போய், உணவுப் பட்டியலில் ஏழாவதாக வரும் பேக்கரிப் பொருள்களைத் தேர்ந்தெடுங்கள். இரண்டாவது, உங்கள் பகுதிக்குரிய உணவுப் பாதுகாப்பு அலுவலர் எல்லை. தவறாகத் தேர்ந்தெடுத்தால் கோப்பு வேறு மேசையில் தூங்கும். மூன்றாவது, எத்தனை ஆண்டு. 2023இல் ஒன்று முதல் ஐந்து வரை தேர்ந்தெடுக்க முடிந்தது. 500 ரூபாய்தானே என்று ஐந்து போடத் தோன்றியது. இப்போதும் கேட்டால், வாடகை வீட்டில் இருப்பவர்கள் இரண்டு போடுங்கள். பதிவு அந்தச் சமையலறை முகவரிக்கு உரியது, வீடு மாறினால் மறுபடி வேலை.

பணம் கட்டியதும் 17 இலக்க விண்ணப்ப எண் வரும். எழுதி வைத்துக்கொள்ளுங்கள், நிலையை அதை வைத்துத்தான் பார்க்க முடியும். விதிப்படி ஏழு நாளுக்குள் பதிவு கொடுப்பார்கள், அல்லது மறுப்பார்கள், அல்லது ஆய்வுக்கு வருவதாகச் சொல்வார்கள். ஆய்வு என்றால் முப்பது நாள். ஏதாவது குறை என்றால் விண்ணப்பம் உங்கள் கணக்குக்கே திரும்பும். குறுஞ்செய்தி வரும் என்று நம்பி உட்கார்ந்திருந்தேன். மின்னஞ்சலில் ஸ்பேம் பெட்டிக்குள் பதினோரு நாள் கிடந்திருக்கிறது. முப்பது நாளுக்குள் பதில் கொடுக்காவிட்டால் விண்ணப்பம் காலாவதி, கட்டிய பணமும் போய்விடும். அதனால் மூன்று நாளுக்கு ஒருமுறை நீங்களே தளத்தில் நுழைந்து பாருங்கள்.

என் வீட்டுக்கு ஆய்வு வரவில்லை. அலுவலர் தொலைபேசியில், தண்ணீர் எங்கிருந்து எடுக்கிறீர்கள், வீட்டில் நாய் பூனை உண்டா, கறி மீன் வைக்கும் ஃப்ரிட்ஜிலேயே மாவை வைப்பீர்களா என்று மட்டும் கேட்டார். மெட்ரோ தண்ணீரா, கேன் தண்ணீரா என்பதற்குத் தெளிவான பதில் வைத்திருங்கள். மூடியுள்ள குப்பைத்தொட்டி, ஜன்னலில் கொசுவலை, தலைக்குத் துணி இருந்தால் நேரில் வந்தாலும் பயமில்லை.

பதிவுச் சான்று 14 இலக்க எண்ணுடன் வரும். அச்செடுத்துச் சமையலறைச் சுவரில் மாட்டுங்கள். முடியும் தேதி இருந்தால் அதைக் காலண்டரில் இப்போதே குறித்துவிடுங்கள்.

மற்ற பதிவுகளைச் சுருக்கமாகச் சொல்கிறேன். சரக்கு விற்பனைக்கு ஜி.எஸ்.டி. பதிவு, தமிழ்நாட்டுக்குள் மட்டும் விற்றால், ஆண்டுக்கு 40 லட்சத்தைத் தாண்டும்போதுதான். ஆனால் பெங்களூரு தோழிக்கு ஒரு பெட்டி கூரியரில் விற்கிறேன் என்று தொடங்கினால் கதை வேறு. வேறு மாநிலத்துக்குச் சரக்கு விற்க, தொகை எதுவானாலும் பதிவு கேட்பார்கள். உத்யம் சிறுதொழில் பதிவு முழுக்க இலவசம், அதற்குப் பணம் கேட்கும் தளத்தை மூடிவிடுங்கள். எடை, விலை அச்சிட்ட பொட்டலமாக முன்கூட்டியே அடைத்து விற்பதற்குச் சட்டமுறை எடையளவுப் பிரிவில் பொட்டலமிடுபவராகப் பதிய வேண்டும், கட்டணம் 500 ரூபாய்.

8. லேபிள்

அழகான லேபிளுக்கு வடிவமைப்பாளரிடம் போகும் முன் அதில் என்ன இருக்க வேண்டும் என்று எழுதிக்கொண்டு போங்கள். நான் 500 லேபிள் அச்சடித்து, தயாரித்த தேதிக்கு இடமே விடவில்லை. 1,100 ரூபாய் வீண்.

பொருளின் பெயர், அளவில் அதிகமானதிலிருந்து குறைந்தது வரை மூலப்பொருள்கள், ஒவ்வாமை எச்சரிக்கையாக கோதுமை, பால், முட்டை, முந்திரி போன்ற கொட்டை வகை, நிகர எடை, தயாரித்த தேதி, எந்தத் தேதிக்குள் உண்ண வேண்டும், தொகுதி (பேட்ச்) எண், வரிகள் உட்பட விலை, உங்கள் பெயரும் முகவரியும், தொடர்பு எண், எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. சின்னத்துடன் 14 இலக்க எண். ஊட்டச்சத்து அட்டவணை உங்கள் அளவிலான தொழிலுக்குக் கட்டாயமா என்பதை உங்கள் பகுதி அலுவலரிடமே கேட்டுக்கொள்ளுங்கள்.

சைவக் குறியில் கவனம். முட்டை சேர்த்த குக்கிக்குப் பச்சைப் புள்ளி போடக் கூடாது. விதிப்படி முட்டை அசைவம், சதுரத்துக்குள் பழுப்பு முக்கோணம் போட வேண்டும். "முட்டைதானே" என்று இதில் விளையாடாதீர்கள். முட்டையில்லாததையும் முட்டையுள்ளதையும் ஒரே நாளில் சுட்டால் முட்டையில்லாததை முதலில் முடித்துவிடுங்கள், தட்டும் கரண்டியும் தனி. எங்கள் மாடியில் ஒரு மாமி நேரில் வந்து தட்டுகளைப் பார்த்த பிறகுதான் முதல் பெட்டி வாங்கினார். இப்போது மாதம் மூன்று பெட்டி.

9. முதல் ஆர்டர், வாரத்தின் ஓட்டம்

என் வாரம் இப்படி. புதன் இரவுக்குள் ஆர்டர், முன்பணம் பாதி. வியாழன் மாலை மாவு. வெள்ளி இரவு சுடுவது. சனி காலை பதினொரு மணிக்குள் எல்லாம் போய்ச் சேர்ந்துவிட வேண்டும். பகல் பன்னிரண்டுக்கு மேல் இருசக்கர வாகனத்தில் அனுப்பினால் சாக்லேட் உருகிப் பெட்டி மூடியில் ஒட்டிக்கொள்ளும். மே மாதத்தில் அப்படி ஒரு பிறந்தநாள் ஆர்டரைத் திருப்பிக் கொடுக்க வேண்டியதாயிற்று, 1,680 ரூபாய். கோடையில் குக்கியைச் சுட்டு ஆறியதும் பெட்டியோடு அரை மணி ஃப்ரிட்ஜில் வைத்து அனுப்புகிறேன், வாங்குபவர் பதினைந்து விநாடி மைக்ரோவேவில் சூடாக்கிக்கொள்ளட்டும் என்று பெட்டிக்குள் ஒரு சீட்டும் வைக்கிறேன்.

சுடும் நாளில் மின்வெட்டு அறிவிப்பு உண்டா என்று முந்தைய நாளே பாருங்கள். பாதியில் மின்சாரம் போனால் அடுப்புக் கதவைத் திறக்காமல் பத்து நிமிடம் விடுங்கள். அதற்குள் வந்துவிட்டால் தப்பித்தீர்கள். வராவிட்டால் அந்தத் தட்டை வீட்டுக்கு வைத்துக்கொண்டு, வாடிக்கையாளரிடம் நேரத்தைத் தள்ளிக் கேளுங்கள். நான் கேட்ட யாரும் இதுவரை மறுக்கவில்லை.

முதல் இரண்டு மாதம் வாரத்துக்கு மூன்று டஜனுக்கு மேல் ஆர்டர் எடுக்காதீர்கள். தீபாவளி, கிறிஸ்துமஸ் வாரங்களில் எல்லாரும் ஒரே நேரத்தில் கேட்பார்கள். அதற்கு அக்டோபரிலிருந்தே உருண்டைகளைப் பிடித்து, தேதி எழுதி, ஃப்ரீசரில் அடுக்கத் தொடங்குங்கள். எங்கள் வீட்டில் அந்த மாதங்களில் ஐஸ்கட்டி வைக்க இடமில்லை என்று தினமும் சண்டை நடக்கிறது.